மன்னாரின் ஐந்து ஆசனங்கள்: வன்னியின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து தெரிவாகிய ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

நான் வடக்கு மாகாண சபைத் தேர்தலில் மன்னார் மாவட்டத்தில் போட்டியிட விரும்புகிறேன். ஐந்து ஆசனங்களுக்கு எட்டுப் பெயர் வேண்டும். பெயர்கள் தயார், பாதிக்கு மேல் பெண்கள். கட்டுப்பணத்துக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். தேர்தல்தான் இல்லை.

2013 செப்டெம்பர் 21 அன்று நாங்கள் தெரிவு செய்த சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு மாகாணத்தை ஆளுநர் பார்த்துக்கொள்கிறார். அவரை நாங்கள் தெரிவு செய்வதில்லை. அவர் மாறினாலும் பத்திரிகை பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். 2013 இல் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது வாக்காளர்கள். மாகாண சபைக்கு அவர்கள் ஒரு தடவைகூட வாக்குப் போட்டதில்லை.

இதை ஜனாதிபதிக்கு எழுதாமல் உங்கள் ஆறு பேருக்கும் எழுதக் காரணம் உண்டு. இந்தத் தேர்தலை மறித்து நிற்பது பாராளுமன்றம் பாதியில் போட்டுவிட்ட ஒரு சட்டம். 2017 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டம் பழைய விகிதாசார முறையை எடுத்துவிட்டு, பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று கலப்பு முறையைக் கொண்டுவந்தது. அதற்குத் தொகுதி எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் அதை 139 வாக்குகளால் தோற்கடித்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பிறகு மீளாய்வு செய்யப் பிரதமர் தலைமையில் ஒரு குழு. அந்தக் குழுவின் அறிக்கை வரவேயில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. முடிச்சுப் போட்ட இடத்தில்தான் அதை அவிழ்க்கவும் வேண்டும். அந்த இடத்தில் இருப்பது நீங்கள், நாங்கள் அல்ல.

உங்களில் இருவர் ஆளும் கட்சி. காலவரையின்றித் தள்ளிப்போடப்பட்ட மாகாண சபை, உள்ளூராட்சித் தேர்தல்களை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று 2024 இல் உங்கள் விஞ்ஞாபனம் சொன்னது. 2025 மே 6 அன்று உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. சரி, பாதி வாக்குறுதி நிறைவேறியது. மற்றப் பாதி எங்கே? எதிர்க்கட்சிப் பக்கம் இருக்கும் நால்வரையும் நான் விட்டுவிடவில்லை. மேடையில், மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறீர்கள். அந்தத் திருத்தத்தின் கீழ் இருக்கவேண்டிய சபை ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடப்பதைப் பற்றிக் கேட்டால் "அரசாங்கம்தான் செய்யவேண்டும்" என்கிறீர்கள். உங்கள் கையிலும் ஒவ்வொரு வாக்கு இருக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மன்னார்த் தீவில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். 2024 நவம்பரில் வன்னியில் ஒரு சுயேச்சைக் குழுவில் நின்றேன். ஆறு ஆசனம், ஒன்பது வேட்பாளர், ஆளுக்கு 2000 ரூபா கட்டுப்பணம். (அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அந்தக் கட்டுப்பணமும் இல்லை. இல்லாதவனிடம்தான் காசு கேட்பார்கள்.)

வன்னி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் வாகனத்தில் போகிறவர்களுக்குத் தெரிகிற அளவு வேறு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று நிர்வாக மாவட்டங்கள் சேர்ந்து ஒரு தேர்தல் மாவட்டம். மேற்கே தலைமன்னாரில் ஒரு வாசலில் கதைத்தவர், கிழக்கே கொக்கிளாயிலும் கதைக்கவேண்டும். ஒரு கடலிலிருந்து மறு கடல். இடையில் காடு, மாலையானால் யானை. எங்களிடம் இருந்தது ஓர் ஓட்டோவும் இரண்டு மோட்டார் சைக்கிளும். பெண் பிள்ளைகளை இருட்டில் அந்த வீதிகளில் கூட்டிக்கொண்டு வரமுடியாது. அதனால் நாலு மணிக்கே கூட்டத்தை முடித்துக்கொண்டு திரும்புவோம். வேலைக்குப் போன சனம் வீட்டுக்கு வருவதோ அதற்குப் பிறகு.

நெடுங்கேணிப் பக்கம் போனால் காணிப் பிரச்சினை. காட்டு எல்லைக் கல் வயலுக்குள் வந்துவிட்டது என்று சனம் கொண்டுபோய்க் காட்டும். முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் எங்களிடம் கேட்டதற்கு எங்களில் எவருக்கும் பதில் வரவில்லை. வவுனியா நகரத்தில் வேலைவாய்ப்பு. அங்கெல்லாம் நான் மன்னார்க் கடலின் எண்ணெயையும் தீவின் மணலையும் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், மரியாதைக்குக் கேட்பார்கள். அவர்களில் பிழையில்லை, அவர்களுடைய துயரம் அவர்களுக்கு. மூன்று மாவட்டத்தின் துயரங்களையும் ஒரே வாக்குச்சீட்டில் நெரித்து வைத்தால், எண்ணிக்கையில் சின்ன இடத்தின் குரல் அடியில் போய்விடும். எங்கள் குழு ஐந்து வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டவில்லை. தோற்றதற்காக நான் அழவில்லை. சனம் வாக்களிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாராளுமன்றத்தில் மன்னாருக்கென்று தனி இடம் இல்லை. பிரதேச சபைக்கும் நகர சபைக்கும் குப்பை, வடிகால், சந்தை, ஊர் வீதி. மன்னார் ஒரு முழு மாவட்டமாக நின்று தன் ஆட்களைத் தெரிவு செய்த சபை ஒன்றே ஒன்று, மாகாண சபை. முப்பத்தாறு ஆசனத்தில் யாழ்ப்பாணத்துக்கு 16, வவுனியாவுக்கு 6, எங்களுக்கு 5, முல்லைத்தீவுக்கு 5, கிளிநொச்சிக்கு 4. அந்த ஐந்தையும்தான் நீங்கள் சேர்ந்து தொலைத்துவிட்டீர்கள்.

அந்த ஐந்து பேர் இல்லாத காலத்தில் எங்கள் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

எண்ணெய் எங்களுக்குப் புதுக்கதை அல்ல. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் கிணறு தோண்டினார்கள். ரஷ்யாக்காரர் வந்த காலம் என்று எங்கள் அப்பு சொல்லக் கேட்டிருக்கிறேன். 2008 இல் மன்னார்ப் படுகையின் ஒரு கட்டம் இந்தியாவிலிருந்து வந்த நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. 2011 இல் டொராடோ, பராக்குடா என்று இரண்டு கிணறுகளில் வாயு இருப்பதாக அறிவித்தார்கள். நிறுவனம் 2015 இல் போய்விட்டது. 2021 இல் பெற்றோலிய வளங்களுக்குப் புதிய சட்டம் வந்தது. அது வந்தபோது வடக்கில் மாகாண சபையே இல்லை. இன்றுவரை அந்தக் கிணறுகளிலிருந்து ஒரு சிலிண்டர் வாயுகூடக் கரைக்கு வரவில்லை. ஆனாலும் நாட்டின் கடனைப் பற்றிக் கதை வரும்போதெல்லாம் எவராவது ஒருவர் மன்னார்ப் படுகையைக் காட்டி, இதோ இருக்கிறது பணம் என்பார்.

அந்தப் பணத்துக்கு மேல் வள்ளம் ஓட்டுகிறவர்கள் நாங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. அந்த மாதத்துச் சங்கக் கணக்கு என் கையெழுத்தில் இருக்கிறது. கடலுக்குப் போன வள்ளங்களை விடக் கரையில் கவிழ்த்து வைத்திருந்த வள்ளங்கள் அதிகம். எண்ணெய்ப் படுகை என்று உலகத்துக்கு விளம்பரம் செய்யப்படும் மாவட்டத்தில், எஞ்சினுக்கு ஊற்ற எண்ணெய் இல்லாமல் ஆண்கள் மரத்தடியில் இருந்தார்கள்.

2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் ஜூனில் எங்கள் கரையில் ஒதுங்கின. வெள்ளை வெள்ளையாகச் சவ்வரிசி போல. பெண்கள் அரிதட்டுக் கொண்டுபோய் மணலோடு அள்ளி அரித்தோம். அள்ளியதை எங்கே கொடுப்பது, மீன் விலை விழுந்ததற்கு எவரிடம் கேட்பது என்று ஒவ்வோர் அலுவலகமாக விசாரித்தோம். ஓர் இடத்தில் மற்ற இடத்தைக் காட்டினார்கள், அந்த இடத்தில் கொழும்பைக் காட்டினார்கள். இது வேறு நாட்டுக் கரைக்கு அருகில் மூழ்கிய ஒரு கப்பலின் கதை. எங்கள் கடலிலேயே கிணறு தோண்டி, அதில் ஒரு நாள் கசிந்தால்? எண்ணெயை அரிதட்டால் அள்ளமுடியாது. கசிந்தால் முதல் நாள் எவர் என்ன செய்வார் என்று எழுதிய ஒரு தாளைத் தமிழில் நான் இன்னும் கண்டதில்லை.

காற்றாலையும் மணலும் இதே பாதையில்தான் வந்தன. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள், 103.5 மெகாவாட். அதற்கு மேல் இன்னும் திட்டங்கள். இந்தியப் பெருநிறுவனம் ஒன்று 2025 பெப்ரவரியில் தானாக விலகியது. அதையும் நாங்கள் செய்தியில்தான் பார்த்தோம். தீவின் மணலுக்குள் இருக்கும் இல்மனைட் என்ற கனிமத்துக்காக அவுஸ்திரேலிய நிறுவனமொன்று துளை போட்டுப் பார்த்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து சொற்ப உயரமே உள்ள தீவில், மணலை எடுத்தால் கிணற்று நன்னீருக்கு என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும். 2025 ஓகஸ்டில் சனம் வீதிக்கு வந்தது. காற்றாலை வேலையை ஒரு மாதம் நிறுத்தினார்கள். செப்டெம்பரில் இரவில் உதிரிப்பாகங்கள் பாதுகாப்போடு வந்தன, மறித்து நின்றவர்கள் விரட்டப்பட்டார்கள், பிறகு ஹர்த்தால். கதைக்கச் சபை இல்லாத இடத்தில் சனம் வீதியில்தான் கதைக்கும். வேறு எங்கே கதைப்பது?

சட்டப்படி எங்களிடம் கருத்துக் கேட்பார்கள், உண்மைதான். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வந்தால் பொதுமக்களுக்கு முப்பது வேலை நாட்கள். அப்படி ஒன்றைப் பார்க்க நானும் இரண்டு மீனவப் பெண்களும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். செங்கல் கனத்தில் ஆங்கிலப் புத்தகம் ஒன்று. தமிழில் சுருக்கம் மட்டும். வெளியே கொண்டுபோக முடியாது, படம் எடுக்கவும் கூடாது என்றார் அங்கிருந்தவர். (அப்படி விதி இருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்.) சுருக்கத்தில் மீன்பிடி பற்றி இருந்தது சில வரிகள். கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளின் பெயர் ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்சேபத்தை எழுதி அனுப்பினோம். கிடைத்ததாக ஒரு வரி வந்தது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. மாகாண சபை உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தைச் சபையின் மேசையில் போட்டு, இதற்குத் தமிழ் எங்கே என்று கேட்டிருக்கலாம். கேட்காமலும் விட்டிருக்கலாம், அப்போது அடுத்த முறை அவரைத் தோற்கடித்திருப்போம். ஓர் அதிகாரியை நாங்கள் தோற்கடிக்க முடியாது.

ஒரு கட்சிக்காரர் எனக்குப் புத்தி சொன்னார். "தங்கச்சி, மாகாண சபை வந்தால் மட்டும் என்ன? எண்ணெய் மத்திய அரசுக்கு. நீ அங்க போய் என்னத்தைக் கிழிக்கப் போறாய்?"

எண்ணெய் வயல்கள் மத்திய அரசுக்கென்று ஒதுக்கிய நிரலில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். பேசாலையில் எண்ணெய் தேடிய அதே காவேரிப் படுகைதான் கடலுக்கு அடியால் போய்த் தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் கரையேறுகிறது. அங்கேயும் எண்ணெய் வயல் மத்திய அரசின் பட்டியலில்தான் இருக்கிறது. 2017 இல் நெடுவாசலில் சனம் இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் போராடியது. 2020 பெப்ரவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் காவேரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, அங்கே புதிதாக எண்ணெய், வாயு தோண்டுவதைத் தடுத்துச் சட்டம் போட்டது. எண்ணெயில் கைவைக்க முடியாத சட்டமன்றம், தன் கையில் இருந்த விவசாயத்தை வைத்து அதைச் செய்தது. ஏற்கெனவே நடக்கிற கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை, குறை உண்டு. ஆனாலும் ஒரு படுகைக்கு இரண்டு கரை: ஒரு கரையில் சட்டம் போட ஒரு சபை, மறு கரையில் பூட்டிய கட்டடம்.

எங்கள் சபைக்கு அவ்வளவு பலம் இல்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விவசாயம் மாகாண நிரலில் இருக்கிறது. பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுற்றாடல் பாதுகாப்பும் இருக்கிறது. கடற்றொழில், ஆழ்கடல் நீங்கலாக, மத்தியும் மாகாணமும் பகிரும் ஒருங்கிய நிரலில். இவற்றை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பழைய சபையை நான் கும்பிடவில்லை. 2017 இல் அமைச்சர்கள் மீது விசாரணை, முதலமைச்சர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று ஒரு காலம் முழுக்கத் தங்களுக்குள் அடிபட்டார்கள். பிரேரணை நிறைவேற்றிய வேகத்தில் நியதிச்சட்டம், அதாவது மாகாணத்துக்கான சட்டம், ஆக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய் குடிநீர்க் கிணறுகளில் கலந்தபோது அந்தச் சபை நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. அந்தக் குழு சொன்னதைச் சனம் நம்பவில்லை, சண்டை பிடித்தது. சண்டை பிடிக்கத் தெரிந்த முகம் எதிரில் இருந்தது. பிறகு 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தக் குடிநீர்க் கிணறுகளின் சொந்தக்காரர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது. எங்களுக்கும் நீதிமன்றம் இருக்கிறது, ஆனால் கிணறு கெட்ட பிறகு போகிற இடம் அது. கெடமுன்னம் போகிற இடம் ஒன்று எங்களுக்கு வேண்டும்.

இனி, உங்களிடம் கேட்பவை.

முதலாவது: ஆறு பேரும் ஒன்றாகக் கையெழுத்திட்டு, இந்த ஒரு தடவை மட்டுமாவது பழைய விகிதாசார முறையில் மாகாண சபைத் தேர்தலை நடத்த இடமளிக்கும் திருத்தத்தை ஆதரிப்போம் என்று எழுத்தில் அறிவியுங்கள். கலப்பு முறை வேண்டுமென்றால் சபை வந்த பிறகு ஆறுதலாக எல்லை பிரியுங்கள். ஆளும் கட்சி உறுப்பினர் இருவரும் உங்கள் அமைச்சரவையிடமிருந்து ஒரு திகதி வாங்கித் தாருங்கள். குழு, உபகுழு வேண்டாம். திகதி வேண்டும். அந்தத் திருத்தத்தில் பெண்களின் பங்கையும் எழுதுங்கள். உள்ளூராட்சியில் நாலில் ஒரு பங்கு பெண்கள் என்று சட்டம் இருக்கிறது. மாகாண சபைக்கு அதைவிடக் குறைய நாங்கள் ஏற்கமாட்டோம்.

இரண்டாவது: தேர்தல் நடந்து சபை கூடும் வரைக்கும் மன்னார் மாவட்டத்திலும் அதன் கடலிலும் புதிய எண்ணெய், வாயு ஒப்பந்தமோ, இல்மனைட் அனுமதியோ, தீவுக்குள் புதிய காற்றாலையோ கொடுக்கக்கூடாது என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவாருங்கள். அபிவிருத்தி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களைக் கேட்காமல் வேண்டாம்.

மூன்றாவது, எங்கள் மாவட்டத்தைத் தொடும் ஒவ்வொரு தாக்க அறிக்கையும் முழுவதும் தமிழில் வரவேண்டும், முப்பது நாள் எண்ணத் தொடங்குவது தமிழ்ப் பிரதி வைத்த நாளிலிருந்தாக இருக்கவேண்டும். எண்ணெய்க் கசிவு நடந்தால் செய்யவேண்டியவற்றின் திட்டத்தை, நட்டஈடு எவர் எப்படிக் கொடுப்பது என்பதோடு, ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் தரச் சொல்லிக் கேள்வி நேரத்தில் கேளுங்கள். பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சாட்டில் அந்தக் கேள்வியைப் பார்க்க விரும்புகிறோம்.

கடைசியாக, மன்னாரில் ஒரு பொதுக் கூட்டத்துக்கு ஆறு பேரும் ஒரே நாளில் வாருங்கள். மாலை, பொன்னாடை கிடையாது. நாற்காலி போடுவோம், கேள்வி கேட்போம். வரமுடியாதவர் இந்தத் திருத்தத்துக்கு வாக்களிப்பாரா மாட்டாரா என்று ஒரு வரியில் எழுதி அனுப்பினால் போதும். அடுத்த பாராளுமன்ற அமர்வு வாரம் முடியும் வரை பார்ப்போம். வந்த பதில்களை ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே எழுதி, வராதவர்களின் பெயருக்கு எதிரே வெறுமையாக விட்டு, சங்கங்களின் அறிவித்தல் பலகைகளில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
மன்னார்த் தீவிலிருந்து,
வடக்கு மாகாண சபைத் தேர்தலுக்குக் காத்திருக்கும் ஒரு வேட்பாளர்